‘அவர்’ என்பது எவரை? பிரதிப்பெயர்களுக்கு உரியவரைக் கண்டறியும் வழி

திருகோணமலையில் ஞாயிறு காலைகளில் நான் நடத்தும் வாசிப்பு வகுப்புக்கு இரண்டு சாரார் வருகிறார்கள். ஒரு சாரார், இங்குள்ள அரச அலுவலகங்களுக்கு இடமாற்றம் பெற்று வந்து தமிழை இரண்டாம் மொழியாகக் கற்கும் சிங்கள உத்தியோகத்தர்கள். மற்றச் சாரார், வீட்டில் தமிழே பேசி வளர்ந்து, கடிதம், அறிவித்தல், காணி உறுதி முதலியவற்றை வாசித்துப் பிறருக்கு விளக்கும் வேலையில் அண்மையில் சேர்ந்த இளையவர்கள். கடினமான சொல்லுக்கு இருவரும் அகராதியைப் புரட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் தடுக்கி நிற்பது ‘அவர்’, ‘அது’, ‘தன்’, ‘இவை’ போன்ற எளிய சொற்களில்தான். இவற்றுக்கு அகராதி உதவாது, ஏனெனில் ‘அவர்’ என்பது யாரைக் குறிக்கிறது என்பதை அச்சொல் நிற்கும் பத்தி மட்டுமே சொல்ல முடியும்.

பெயருக்குப் பதிலாக நிற்கும் இச்சொற்களைப் பிரதிப்பெயர்கள் என்கிறோம். பழைய இலக்கணம் இவற்றுட் பலவற்றைச் சுட்டுப்பெயர் என்று அழைத்தது. புதிதாகத் தொடங்குபவர் பெரும்பாலும் செய்வது, பிரதிப்பெயரைக் கண்டவுடன் பின்னோக்கிப் போய், முதலில் எதிர்ப்படும் பெயரைப் பிடித்து அதனோடு பொருத்திவிடுவது. தமிழில் இது பாதி நேரம் சரியாக வரும், மறுபாதியில் ஆபத்தாக முடியும். தமிழ் வாக்கியத்தின் திறவுகோல் அதன் கடைசியில், வினைமுற்றில் இருக்கிறது. ஆகவே முதலில் முன்னோக்கிப் போய் வினையைப் பார்த்துவிட்டு, அதன் பிறகே பெயரைத் தேடிப் பின்னோக்கி வரவேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு பழக்கத்தை ஊன்றச் செய்வதற்காகவே.

முதலாம் படி: வாக்கியத்தின் முடிவுக்குச் செல்லுங்கள்

பின்வரும் மூன்று வாக்கியங்களை வாசியுங்கள். “தந்தையும் மகளும் உப்புவெளிக் கடற்கரைக்குப் போனார்கள். சிறிது நேரம் நின்று அலையைப் பார்த்தார். பிறகு சிப்பி பொறுக்கத் தொடங்கினாள்.” இவற்றில் ஒரு பிரதிப்பெயர்கூட இல்லை. இருந்தும் அலையைப் பார்த்தவர் தந்தை என்பதிலும் சிப்பி பொறுக்கியவள் மகள் என்பதிலும் எவருக்கும் ஐயம் எழாது. ‘பார்த்தார்’ என்பதன் ‘ஆர்’ விகுதியும் ‘தொடங்கினாள்’ என்பதன் ‘ஆள்’ விகுதியும் எழுவாயின் வேலையைச் செய்துவிட்டன. தோன்றா எழுவாய் என்று பள்ளியில் படித்தது இதுவே. எனவே ஒரு வாக்கியத்தில் ‘அவர்’ இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதன் வினைமுற்றை வட்டமிட்டு, ஆன், ஆள், ஆர், ஆர்கள், அது, அன என்ற விகுதிகளில் எது வந்திருக்கிறது என்று பாருங்கள். எழுவாயாக வரக்கூடியவர்களின் பட்டியல் அங்கேயே பெரும்பாலும் ஒன்றிரண்டாகச் சுருங்கிவிடும்.

சிங்களத்திலிருந்து வருபவர்களுக்கு இந்தப் படி கூடுதலாகத் தேவைப்படுகிறது. பேச்சுச் சிங்களத்தில் வினை ஆளுக்கு ஆள் வடிவம் மாறுவதில்லை. ‘மம யனவா’ என்றாலும் ‘எயா யனவா’ என்றாலும், போவது நானாயினும் அவராயினும், வினை ஒன்றே. அந்தக் காது தமிழ் விகுதியை வெறும் ஓசையாகக் கேட்டுக் கடந்துவிடுகிறது. இது கற்பவரின் கவனக்குறைவு அன்று. தாய்மொழி கற்றுக்கொடுத்த பழக்கம். ஒரு மாதம் வினைகளை மட்டும் வட்டமிட்டு வாசித்தால் அந்தப் பழக்கம் மாறுவதை நான் கண்டிருக்கிறேன்.

விகுதி கைவிடும் இடங்களும் உண்டு; அவற்றை முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது நல்லது. ‘உடன்பட்டாள்’ என்பதில் பால் தெரிகிறது. அதையே எதிர்மறையாக்கி ‘உடன்படவில்லை’ என்று எழுதினால் திணை, பால், எண், இடம் எல்லாம் மறைந்துபோகின்றன. ‘தெரியும்’, ‘வேண்டும்’, ‘முடியாது’ போன்றவையும் அப்படியே. ‘அவர்’ என்ற சொல்லும் அதனோடு வரும் ‘ஆர்’ விகுதியும் ஆணா பெண்ணா என்று சொல்வதில்லை, உயர்வு கருதிய ஒருமையையே பெரும்பாலும் காட்டுகின்றன. ‘அவர்கள்’ என்பதோ பலரையும் குறிக்கும், “அதிபர் அவர்கள்” என்பது போல ஒருவரை மதித்தும் வரும். கடிதங்களிலும் அறிவித்தல்களிலும் இந்த மூன்றும் சேர்ந்து வருவதால்தான் அவை கதைகளைவிட வாசிக்கச் சிரமமாக இருக்கின்றன. கதையில் ‘அவன்’, ‘அவள்’ என்று பால் பிரிந்து நிற்கும். அலுவலகக் கடிதத்தில் எல்லாரும் ‘அவர்’.

இரண்டாம் படி: எச்சங்களைக் கூட்டிக் கட்டுங்கள்

நீண்ட தமிழ் வாக்கியத்தில் பல வினைகள் எச்சமாக நின்று, கடைசியில் ஒன்றே முற்றாக முடியும். “கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறி, நகரசபைக்கு முன்னால் இறங்கி, மருந்து வாங்கிக்கொண்டு வீடு திரும்பினாள்.” ஏறி, இறங்கி, வாங்கிக்கொண்டு என்ற மூன்றும் ‘செய்து’ என்னும் வாய்பாட்டைச் சேர்ந்தவை. இவ்வகை எச்சம் தன் வினைமுதலின், அதாவது அதைச் செய்தவரின், வினையைக் கொண்டே முடியும் என்பது தொல்காப்பியம் முதல் வரும் விதி. ஆகவே திரும்பியவள் யாரோ அவளே ஏறினாள், இறங்கினாள், வாங்கினாள். நடுவில் வேறொருவரைப் புகுத்தத் தேவையில்லை. மழை பெய்து கந்தளாய்க் குளம் நிரம்பியது என்பது போல, ஒன்றன் நிகழ்ச்சி மற்றொன்றுக்குக் காரணமாகும் சில தொடர்கள் இதற்கு விலக்கு.

‘செய்ய’, ‘செய்தால்’, ‘செய்தபோது’ என்பவை வந்தால் நிலைமை வேறு. “அம்மா கூப்பிட மகள் வந்தாள்” என்பதில் இருவர் இருக்கிறார்கள். இவ்வெச்சங்களுக்கு அடுத்த வினையின் ஆளும் வரலாம், வேறு ஆளும் வரலாம். எனவே இவற்றைக் காணும் இடத்தில் ஒரு சிறு கோடிட்டு நிறுத்தி, கோட்டுக்கு இப்பக்கம் யார், அப்பக்கம் யார் என்று தனித்தனியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: ‘தான்’ என்பதைத் தனியே நடத்துங்கள்

இந்தப் படியில் நான் சற்று அதிகமாகத் தங்கப்போகிறேன், ஏனென்றால் எனக்கே பாடம் கற்பித்த இடம் இது. பல ஆண்டுகளுக்கு முன் மூதூரிலிருந்து லோஞ்சில் வந்த ஒரு தாய், தமக்கு வந்த கடிதத்தை வாசித்துச் சொல்லும்படி கேட்டார். அதில், “அண்ணன் தம்பியிடம் அவருடைய காணியின் உறுதியை ஒப்படைத்தார்” என்று ஒரு வாக்கியம் இருந்தது. அந்தக் காணி அண்ணனுடையது என்று நான் வாசித்துச் சொன்னேன். உண்மையில் அது தம்பியின் காணி. அண்ணன் இதுவரை பாதுகாத்து வைத்திருந்த உறுதியை உரியவரிடம் திருப்பிக் கொடுத்திருந்தார். என் வாசிப்பை நம்பித் திரும்பிய அந்தத் தாய், அதைச் சரிசெய்துகொள்ள மீண்டும் ஒருமுறை கடல் கடந்து வரவேண்டியதாயிற்று. அன்றிலிருந்து ‘அவருடைய’ என்ற சொல்லை நான் அவசரமாகக் கடப்பதில்லை.

அந்த வாக்கியத்தில் காணி அண்ணனுடையதாக இருந்திருந்தால், கவனமாக எழுதுபவர் “தம் காணியின் உறுதியை” அல்லது “தன் காணியின் உறுதியை” என்று எழுதியிருப்பார். ‘தன்’, ‘தம்’ என்பன வாக்கியத்தின் எழுவாயைத் திரும்பிப் பார்க்கும் சொற்கள். எழுத்துத் தமிழில் இந்த வசதி இருப்பதால், அதைப் பயன்படுத்தாமல் ‘அவருடைய’ என்று ஒருவர் எழுதும்போது, எழுவாய் அல்லாத இன்னொருவரையே முதலில் நினைக்கவேண்டும்: அது தம்பியாகலாம், முன்பு பேசப்பட்ட மூன்றாமவராகவும் இருக்கலாம். எல்லா எழுத்தாளரும் இவ்வளவு கவனமாக எழுதுவதில்லை என்பதால் இதை முடிந்த முடிவாகக் கொள்ளாமல், வலுவான முதல் ஊகமாகக் கொள்ளுங்கள்.

‘தான்’ பெயருக்கு முன்னும் வரலாம். “தன் மகளைத் தேடித் தந்தை பள்ளிக்கூடத்துக்கு வந்தார்” என்பதில் ‘தன்’ முதலில் வந்து, உரியவர் பின்னர் வருகிறார். இங்கே பின்னோக்கித் தேடினால் எவரும் அகப்படமாட்டார், அல்லது முந்திய வாக்கியத்து ஆள் தவறாக அகப்படுவார். இன்னும் ஒன்று: ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்துச் சொல்லும் தொடரில் ‘தான்’ உள் வாக்கியத்தின் எல்லையைத் தாண்டிச் சொன்னவரையே பற்றும். “தான் வருவதாகச் செயலாளர் சொன்னார்” என்றால் வருபவர் செயலாளரே. “அவர் வருவதாகச் செயலாளர் சொன்னார்” என்றால் வருபவர் வேறொருவர் என்றே பெரும்பாலும் கொள்வோம்.

மேற்கோள் குறி இல்லாத ‘என்று’ தொடரில் இன்னொரு பொறி இருக்கிறது. “தலைவர் நான் இதற்குப் பொறுப்பல்ல என்று கூறினார்” என்பதில் ‘நான்’ என்பது தலைவர். கடிதத்தை எழுதியவர் அல்லர். ‘என்று’ என்ற சொல்லைக் கண்டதும் அதற்கு முன்னால் உள்ள ‘நான்’, ‘நீ’, ‘இங்கே’, ‘நாளை’ எல்லாவற்றையும் அதைச் சொன்னவரின் வாயில் வைத்துப் பாருங்கள்.

அழுத்தம் தரும் ‘தான்’ வேறு சொல். “அவர்தான் வந்தார்” என்பதில் அது எவரையும் குறிப்பதில்லை. சேர்ந்தே எழுதப்படும், வேற்றுமை உருபும் ஏற்காது. பெயராக வரும் ‘தான்’ உருபேற்கும்போது ‘தன்னை’, ‘தனக்கு’, ‘தன்னிடம்’ என்று குறுகும். ‘தாங்கள்’ என்பது இதைவிடக் குழப்பமானது. “தாங்கள் சமர்ப்பித்த விண்ணப்பம்” என்று கடிதம் தொடங்கினால் அது வாசிப்பவரை மதித்து அழைக்கும் முன்னிலை. “மீனவர்கள் தாங்கள் பிடித்த மீனைக் கரையிலேயே விற்றார்கள்” என்றால் அது மீனவர்களையே திரும்பிச் சுட்டும் படர்க்கை. அருகில் பன்மைப் பெயர் ஒன்று எழுவாயாக நிற்கிறதா என்று பார்த்தால் இரண்டையும் பிரித்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: அகரமா இகரமா என்று பாருங்கள்

தமிழ்ச் சுட்டு மூன்று: அ, இ, உ. அகரம் சேய்மையையும் இகரம் அண்மையையும் காட்டுகின்றன. உகரம் எழுத்து வழக்கிலிருந்து மறைந்துவிட்டாலும் யாழ்ப்பாணப் பேச்சில் ‘உது’, ‘உவர்’ என்று உயிரோடு இருக்கிறது. சிங்களத்தில் நான்கு உண்டு: பேசுபவருக்கு அருகில் உள்ளதற்கு ‘மே’, கேட்பவருக்கு அருகில் உள்ளதற்கு ‘ஒய’, தூரத்தில் கண்ணுக்குத் தெரிவதற்கு ‘அர’, முன்பு பேசப்பட்டதற்கு ‘ஏ’. முன்பு பேசப்பட்டதற்கெனத் தனிச் சொல் ஒன்றை எதிர்பார்க்கும் சிங்கள மாணவருக்கு, தமிழில் ‘அது’ என்ற ஒரே சொல் தொலைவில் இருப்பதையும் முன்பு சொன்னதையும் சேர்த்துச் சுமக்கிறது என்று விளக்கினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எழுத்தில் ‘இவர்’, ‘இது’ என்பன இப்போது பேச்சில் இருக்கும் ஆளையோ பொருளையோ பற்றிக்கொள்பவை. ஒருவரைப் பற்றிய அறிமுகக் குறிப்பில் வரிக்கு வரி ‘இவர்’ வருவது அதனால்தான். ‘இது’ வரப்போவதையும் சுட்டும்: “அவர் கேட்டது இதுதான்” என்று முடிந்தால் விடை அடுத்த வரியில் இருக்கும். ‘அது’, ‘இது’ இரண்டும் ஒரு பொருளை மட்டுமன்றி முழு நிகழ்ச்சியையும் ஏந்தும். “வள்ளம் கரை சேரப் பிந்தியது. அது எல்லாரையும் பயமுறுத்தியது” என்பதில் பயமுறுத்தியது வள்ளமன்று, அது பிந்தியமை. பொருளாகப் பொருத்திப் பார்த்துப் பொருந்தவில்லை என்றால், முந்திய வாக்கியம் முழுவதையும் அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் என்னும் இயலில் இதற்குத் துணையான ஒரு விதி உண்டு. இயற்பெயரும் சுட்டுப்பெயரும் ஒரு செய்தியில் சேர்ந்து வந்தால் சுட்டுப்பெயரை முற்படச் சொல்லாமல் இயற்பெயரின் பின்னரே சொல்லவேண்டும் என்று கூறிவிட்டு, முற்படச் சொல்வதைச் செய்யுளுக்கு மட்டும் அது அனுமதிக்கிறது. உரைநடையில் ‘அவர்’ என்று ஒரு பத்தி தொடங்கினால் உரியவர் அதற்கு மேலே இருக்கிறார் என்று நாம் நம்பித் தேடுவதற்கு இத்தனை பழைய ஆதரவு இருப்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருவது.

ஐந்தாம் படி: பொருள் ஒப்புகிறதா என்று சோதியுங்கள்

இலக்கணம் ஒதுக்கிவிட்ட பிறகும் இருவரோ இரண்டோ மிஞ்சினால், உலக அறிவே நடுவர். “வலை பெட்டிக்குள் அடங்கவில்லை, அது பெரிதாக இருந்தது” என்பதில் ‘அது’ வலை. “வலை பெட்டிக்குள் அடங்கவில்லை, அது சிறிதாக இருந்தது” என்பதில் ‘அது’ பெட்டி. இரண்டு வாக்கியங்களின் அமைப்பும் ஒன்றே, விகுதியும் ஒன்றே. ஒரு பொருள் இன்னொன்றுக்குள் அடங்காமைக்கு என்ன காரணம் என்ற அனுபவமே நமக்காகத் தீர்ப்புச் சொல்கிறது.

ஐந்து படிகளையும் சேர்த்துப் பயில, எங்கள் ஊர் வரலாற்றிலிருந்து வகுப்புக்காக நான் எழுதிய பத்தி இது. “சுவாமி மலையில் இருந்த கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 1622இல் இடித்தனர். அதன் கற்களைக் கொண்டு அவர்கள் ஒரு கோட்டையை எழுப்பினர். 1639இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். 1795இல் ஆங்கிலேயர் அவர்களிடமிருந்து அதைப் பறித்தனர். இன்றும் அதன் வாயிலைக் கடந்தே அடியார்கள் அங்கே செல்கின்றனர்.”

‘அது’ என்பதன் வடிவங்கள் இப்பத்தியில் நான்கு முறை வருகின்றன. முதலாவது ‘அதன்’ கோயில். கோட்டை இன்னும் பத்திக்குள் நுழையவே இல்லை. ‘அவர்கள்’ போர்த்துக்கேயர், அதுவரை வந்த மக்கட்பெயர் அது ஒன்றே. மூன்றாம் வாக்கியத்து ‘அதை’ என்பதில்தான் மாற்றம் நிகழ்கிறது. இலக்கணப்படி கோயிலும் கோட்டையும் இரண்டும் பொருந்தும். ஆனால் கோயில் இடிக்கப்பட்டுவிட்டது, ‘கைப்பற்றினர்’ என்ற வினை கோட்டையை வேண்டி நிற்கிறது, கடைசியாகப் பேசப்பட்டதும் கோட்டையே. நான்காம் வாக்கியத்தில் ‘அவர்களிடமிருந்து’ என்பது ஒல்லாந்தரிடமிருந்து. ஆங்கிலேயர் எழுவாயாக நிற்பதால் அவர்கள் தங்களிடமிருந்து பறிக்க இயலாது, போர்த்துக்கேயர் கையில் கோட்டை அப்போது இல்லை. கடைசி வாக்கியத்தில் மாணவர் பெரும்பாலும் தவறுவர். ‘அதன் வாயில்’ கோட்டையின் வாயில். ‘அங்கே’ என்பதையும் கோட்டையோடு பொருத்தினால், கோட்டை வாயிலைக் கடந்து கோட்டைக்குச் செல்வதாகப் பொருள்பட்டு, ‘அடியார்கள்’ என்ற சொல் வேலையற்று நின்றுவிடும். அடியார்கள் செல்வது கோயிலுக்கு. இன்று பிரெட்றிக் கோட்டை எனப்படும் அந்தக் கோட்டையின் வாயிலுக்குள் ஒருமுறை நடந்து போனவருக்கு இது கேட்காமலே விளங்கும். மூன்று வாக்கியங்களுக்கு முன் மறைந்துபோன கோயில் ‘அடியார்கள்’ என்ற ஒரு சொல்லால் மீண்டும் நினைவுக்கு வருகிறது என்பதை இங்கே கவனிக்கவேண்டும்.

வாசிக்கும்போது பென்சிலால் ஒவ்வொரு பிரதிப்பெயருக்கும் மேலே உரியவரின் பெயரைச் சிறிதாக எழுதிக்கொள்ளுங்கள். முடிந்ததும், பிரதிப்பெயர்களை விட்டுவிட்டு, எழுதிய பெயர்களை இட்டு அந்தப் பத்தியை வாய்விட்டு வாசியுங்கள். தவறாக இட்ட பெயர் காதில் உடனே இடறும். கண்ணுக்குத் தப்பிய பிழைகள் பலவற்றை என் மாணவர்கள் இப்படிக் காதால்தான் பிடிக்கிறார்கள்.

இவ்வளவும் செய்த பின்னும் தீராத வாக்கியங்கள் உண்டு. “தந்தையிடம் எழுதுவினைஞர் மகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைக் கேட்டார். அதை வீட்டில் வைத்துவிட்டு வந்ததாக அவர் சொன்னார். அது அவருக்குக் கோபத்தை உண்டாக்கியது.” இரண்டாம் வாக்கியத்து ‘அவர்’ தந்தை என்பது பொருளால் தெளிவு. கோபம் எழுதுவினைஞருக்கா, கேட்கப்பட்டதால் தந்தைக்கா? விகுதி உதவவில்லை, இருவரும் ‘அவர்’. உலக அறிவும் இரண்டையும் ஒப்புக்கொள்கிறது. குறை வாசகரிடம் இல்லை, எழுத்தில்தான் இருக்கிறது. இப்படி ஒரு வாக்கியம் கதையில் வந்தால் இரண்டு பொருளையும் மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போகலாம். முறைப்பாட்டிலோ உறுதியிலோ வந்தால், ஓர் ஊகத்தைச் சொல்லி அனுப்பாமல், எழுதியவரைக் கேட்டு, அந்த ‘அவர்’ இருந்த இடத்தில் பெயரையே எழுதுவித்துவிட்டு மேலே செல்லுங்கள்.